ஃபோவுக்குச் சொந்த ஊர் எது?

கே: வியட்நாம் என்றாலே எல்லோரும் ‘ஃபோ’ என்கிறார்கள். அந்த நூடுல்ஸ் சூப் எந்த ஊர்ச் சரக்கு?
— வாசகர், மதுரை

ப: வடக்கத்திச் சரக்கு. அதில் யாருக்கும் சண்டை இல்லை. வடக்கில் எந்த ஊர் என்பதில்தான் சண்டை. தலைநகர் ஹனோய் ஒரு பக்கம். அதற்குத் தெற்கே, செந்நதிப் படுகையில் இருக்கும் நாம் தின் மறுபக்கம்.

ஃபோவுக்கு வயது நூறுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்கள் வருமுன் அந்தப் பக்கம் மாடு என்றால் ஏர் மாடு; கறிக்காக வெட்டுவது அபூர்வம். பிரெஞ்சு அதிகாரிகளும் சிப்பாய்களும் மாட்டுக்கறி கேட்டார்கள், கசாப்புக் கடைகள் வந்தன, எலும்பு மட்டும் விலை போகாமல் கிடந்தது. அதை மலிவாக வாங்கி, மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, அரிசிமாவு நூடுல்ஸ் மேல் ஊற்றி விற்றவர்கள் கொடுத்ததுதான் ஃபோ. நாம் தின்னில் பிரெஞ்சுக் காலத்துப் பெரிய நெசவாலை இருந்தது; வேலை முடிந்து பசியோடு வரும் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வான் கூ கிராமத்துக் ‘கோ’ குடும்பத்தார், தோள் தடியின் ஒரு முனையில் அடுப்பும் பானையும், மறுமுனையில் கிண்ணங்களுமாக ஹனோய்த் தெருக்களுக்குப் போனார்கள். இன்றைக்கும் ஹனோயில் அந்தக் குடும்பப்பெயரைப் பலகையில் எழுதிய ஃபோ கடைகளைப் பார்க்கலாம்.

2024 ஆகஸ்டில் வியட்நாம் அரசு ஹனோய் ஃபோவையும் நாம் தின் ஃபோவையும் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் தனித்தனியாகச் சேர்த்தது. அரசுக்கு இரு வீட்டாரும் வேண்டும். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை: பிறந்த வீடு நாம் தின், பேர் வாங்கிக் கொடுத்த ஊர் ஹனோய்.

கே: அப்படியானால் ஃபோ பிரெஞ்சு சூப்பின் வாரிசா?
— வாசகி, கோயம்புத்தூர்

ப: வாரிசு என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். எலும்பு மலிந்தது பிரெஞ்சுக்காரர்களால். அரிசி நூடுல்ஸ் சூப்பை அந்தத் தெருக்களில் முன்பே விற்றுக்கொண்டிருந்தவர்களில் தென்சீனர்கள் உண்டு. சூப்பில் மணக்கும் அன்னாசிப்பூ, சீன எல்லையோரம் லாங் சோன் மலையில் விளைவது. இவை எல்லாவற்றையும் ஒரே பானையில் சேர்த்தது வியட்நாமியக் கை. பெயரும் அந்தக் கைக்கே போகட்டும்.

கே: இங்கே உணவகத்தில் ஃபோ கேட்டால் தட்டு நிறைய முளைப்பயறு, துளசி, எலுமிச்சை, இனிப்புச் சாஸ் எல்லாம் தருகிறார்கள். ஹனோய் போய்வந்த நண்பர், அங்கே அதெல்லாம் தரவே இல்லை என்கிறார். யாரை நம்புவது?
— வாசகர், சென்னை

ப: இருவரையும் நம்புங்கள். உங்களுக்கு வந்தது சைகோன் ஃபோ, அவர் சாப்பிட்டது ஹனோய் ஃபோ. நடுவில் 1,726 கிலோமீட்டர் ரயில் பாதையும் ஒரு பிரிவினையும் இருக்கின்றன.

1954-இல் ஜெனீவா ஒப்பந்தம் நாட்டை 17-ஆம் அட்சக்கோட்டில் வெட்டியது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வடக்கத்தியர் தெற்கே கிளம்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஊரை விட்டவர்கள் தெரிந்த தொழிலைத்தானே செய்வார்கள்? சைகோனில் தெருவுக்குத் தெரு ஃபோ கடை முளைத்தது. தெற்கே கீரைக்கும் சர்க்கரைக்கும் குறைவில்லை. சாப்பிடுகிறவர்கள் நாக்குக்குத் தக்கபடி சூப்பில் இனிப்பு ஏறியது; பக்கத்தில் ஒரு தட்டு பச்சிலை வந்து உட்கார்ந்தது. ஹனோயில் இன்றும் தெளிந்த சூப், வெங்காயத்தாள், பூண்டு ஊறிய வினிகர், வேண்டுமானால் மிளகாய். கூடவே தோய்த்துச் சாப்பிட, எண்ணெயில் பொரித்த நீள மாவுத்துண்டு. அவ்வளவுதான்.

1975-இல் போர் முடிந்த பிறகு படகேறி நாட்டை விட்டுப் போனவர்களில் தெற்கத்தியரே மிகுதி. பாரிஸிலும் கலிஃபோர்னியாவிலும் அவர்கள் திறந்த கடைகளில் உலகம் ருசி பார்த்தது சைகோன் கிண்ணத்தை. நம் ஊருக்கு வந்ததும் அதுவே.

வடக்கில் தங்கிவிட்ட ஃபோ பட்ட பாடு வேறு. போர்க்காலத்தில் ஹனோயின் அரசுக் கடைகளில் கறியே இல்லாத ஃபோ விற்றார்கள். தலைக்கு மேலே அமெரிக்காவின் ஆளில்லா வேவு விமானங்கள் பறந்துகொண்டிருந்த நேரம். மக்கள் அந்தக் கிண்ணத்துக்கு ‘விமானி இல்லாத ஃபோ’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். குண்டு விழும் ஊரில், அரைவயிற்றோடு, இப்படிப் பேச முடிந்தவர்கள் மேல் எனக்கு மிகப் பெரிய மரியாதை.

கே: ஃபோ கடை மாடியில் போர்த் திட்டம் தீட்டினார்களாமே, நிஜமா?
— வாசகர், ஈரோடு

ப: நிஜம். சைகோனில் லீ சின் தாங் தெரு, 7-ஆம் எண், ‘ஃபோ பின்’. கீழே அமெரிக்கச் சிப்பாய்கள் சாப்பிடுவார்கள். மாடியில் 1968 தெத் (புத்தாண்டு) தாக்குதலுக்காக வியட்காங் போராளிகளின் ரகசியக் கூட்டம் நடக்கும். தாக்குதலுக்குப் பின் கடைக்காரரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

கே: வடக்கு, நடு, தெற்கு — மூன்றின் ருசியையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள், பார்க்கலாம்.
— வாசகி, திருச்சி

ப: வடக்கு அடக்கம், நடு காரம், தெற்கு இனிப்பு.

காரணம் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வடக்கே நிஜமான குளிர்காலம் உண்டு, கீரையும் மசாலாவும் அளவாகத்தான் கிடைக்கும், சீனம் பக்கத்து வீடு. அங்கே மிளகும் சோயிக்கீரையும் அதிகம் பேசும். நடுப்பகுதி மலைக்கும் கடலுக்கும் இடையில் நெருக்கப்பட்ட ஒல்லியான நிலம். புயலும் வெள்ளமும் வருஷம் தவறாது. கொஞ்சம் கறி, நிறைய உப்பு, நிறைய மிளகாய் என்றால்தான் சோறு இறங்கும். தெற்கே மேகாங் டெல்டா: நெல், தேங்காய், கரும்பு, ஆற்று மீன். அங்கே கெமர் மக்களும் தென்சீனத்துத் தேயோச்சுக்காரர்களும் வியட்நாமியரோடு கலந்து வாழ்கிறார்கள். பானையிலும் அந்தக் கலப்பு தெரியும். சைகோனில் பிரபலமான ஹூ தியூ நூடுல்ஸே தேயோச்சுக்காரர்கள் கொண்டுவந்தது. அதில் ஒரு வகைக்குப் பெயர் ‘நாம் வாங்’, அதாவது கம்போடியத் தலைநகர் நோம் பென்.

கே: ஹுவே நகரத்தில் தட்டெல்லாம் சின்னச் சின்னதாக இருக்குமாமே? அரண்மனைப் பழக்கமா?
— வாசகர், தஞ்சாவூர்

ப: தஞ்சாவூர்க்காரர் சரியாகத்தான் மோப்பம் பிடித்திருக்கிறீர்கள். 1802 முதல் 1945 வரை நுயென் வம்சத்து அரசர்கள் 13 பேர் ஹுவேயிலிருந்து ஆண்டார்கள். அரசருக்கு ஒரு வேளைக்குப் பல பதார்த்தம் வைக்க வேண்டும். எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, அழகாக. அந்த வழக்கம் ஊருக்குள் இறங்கிவிட்டது. கைக்கடக்கமான கிண்ணத்தில் வேகவைத்த அரிசிமாவு, மேலே இறால் பொடி: அது பான் பேயோ. மரவள்ளி மாவுக்குள் இறாலை வைத்து, கண்ணாடிபோலத் தெரியும்படி வேகவைப்பது பான் லொக். ஒரு ஆள் பத்துக் கிண்ணம் சாப்பிட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் ஹுவேயை அரண்மனை ஊராக மட்டும் பார்த்தால் பாதி ஊரைத் தவறவிடுவீர்கள். என்னைக் கேட்டால், அங்கே முதலில் சாப்பிட வேண்டியது கொம் ஹென். வாசனை ஆற்றின் நடுவே ‘ஹென் திட்டு’ என்று ஒரு தீவு. அங்குள்ளவர்கள் ஆற்றுப்படுகையில் அரித்தெடுக்கும் நகக்கண் அளவு மட்டி, ஆறிப்போன சோறு, வாழைப்பூ, நட்சத்திரப்பழம், வேர்க்கடலை, மொறுமொறுவென்று பன்றித் தோல், புளிக்கவைத்த இறால் விழுது, கண்ணீர் வரும் அளவுக்கு மிளகாய். மிஞ்சிய சோற்றை வீணாக்க முடியாத வீட்டில் பிறந்த சாப்பாடு. அரண்மனை மேசையில் இருந்த எதுவும் இதற்கு ஈடு என்று நான் சொல்ல மாட்டேன்.

பூன் போ ஹுவேயும் அந்த ஊர்தான். எலுமிச்சைப் புல்லும் இறால் விழுதும் சேர்ந்த சிவந்த சூப், உருண்டைத் தடி நூடுல்ஸ். ஃபோவைப் போலப் பதவிசாக இருக்கும் என்று நினைத்து முதல் கரண்டியை எடுத்தீர்களானால் திடுக்கிடுவீர்கள்.

கே: நான் சைவம். வியட்நாம் போனால் பட்டினிதானா?
— வாசகி, மயிலாப்பூர்

ப: இல்லவே இல்லை, தைரியமாகப் போங்கள். ‘சாய்’ என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பலகையில் அது இருந்தால் பௌத்தச் சைவக் கடை. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பல குடும்பங்கள் சைவம் மட்டுமே சாப்பிடும். அந்த நாட்களில் சந்தையோரக் கடைகளில்கூடச் சைவ நூடுல்ஸ் கிடைக்கும். பௌத்த மடங்கள் நிறைந்த ஹுவே இதில் முதலிடம். காவ் தாய் மதத்தின் தலைமையிடமான தாய் நின் அடுத்தது.

ஒரு எச்சரிக்கை. சாதாரணக் கடையில் வெறும் கீரைப் பொரியல் கேட்டாலும் மீன்சாறு விழுந்திருக்கும். ‘கறி வேண்டாம்’ என்று சொல்வது போதாது. ‘சாய்’ கடையாகப் பார்த்து நுழையுங்கள்.

கே: ஹொய் ஆனில் ஒரே ஒரு கிணற்றுத் தண்ணீரில்தான் நூடுல்ஸ் செய்வார்களாமே, கட்டுக்கதையா?
— வாசகர், நாகப்பட்டினம்

ப: ஊர் வழக்கம் அப்படித்தான் சொல்கிறது: பா லே கிணற்றுத் தண்ணீர், எதிரே கடலில் இருக்கும் சாம் தீவுகளின் மரச்சாம்பல். சாம்பல் கரைத்த காரநீரில் அரிசியை ஊறவைத்து அரைத்து, ஆவியில் வேகவைத்து வெட்டினால் பழுப்பு நிறத்தில், பல்லுக்கு இதமாக எதிர்த்து நிற்கும் நூடுல்ஸ் வரும். அதுதான் காவ் லாவ். மேலே பன்றிக் கறி, பக்கத்து டிரா குவே கிராமத்துக் கீரை. அடியில் இரண்டு கரண்டி குழம்பு மட்டும்.

இன்று ஊருக்கு வரும் கூட்டத்துக்கெல்லாம் ஒரு கிணறு ஈடுகொடுக்குமா என்பதை உங்கள் கணக்குக்கே விடுகிறேன். சாம்பல்நீர் மட்டும் கதையல்ல. அந்த நிறமும் பதமும் அதனால் வருபவை. ஜப்பானியரும் சீனரும் வந்து தங்கி வாணிபம் செய்த பழைய துறைமுகம் இது. 1999-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை ஊராக அறிவித்தது. காவ் லாவில் சீனச் சாயல் என்பாரும் உண்டு, ஜப்பான் சாயல் என்பாரும் உண்டு. சுற்று வட்டாரமான குவாங் நாமின் சொந்தப் பதார்த்தம் மீ குவாங்: அகல நூடுல்ஸ், வேர்க்கடலை, அரிசி அப்பளம், மிகக் கொஞ்சம் குழம்பு. 2025 ஜூலையில் குவாங் நாம் மாகாணத்தை டா நாங் நகரத்தோடு இணைத்துவிட்டார்கள். மீ குவாங்கின் பெயரை யாரும் மாற்றவில்லை.

கே: பான் ஸேவ் நம் தோசை, பான் கான் நம் குழிப்பணியாரம். சோழர் காலத்தில் நாம் கொடுத்ததுதானே?
— வாசகர், காரைக்குடி

ப: சாயலை வைத்துச் சம்பந்தம் பேசக் கூடாது, ஐயா. பான் ஸேவுக்கு மாவு புளிக்க வேண்டியதில்லை; மஞ்சள் கலந்து, தெற்கே தேங்காய்ப்பாலும் சேர்த்து, இறாலும் பன்றிக் கறியும் முளைப்பயறும் வைத்து மடிப்பார்கள். பிய்த்து, கீரை இலையில் சுருட்டி, மீன்சாறில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். நடுப்பகுதிக் கடற்கரையில் சின்னதாக இருக்கும், டெல்டாவில் தட்டை மீறி நீளும்.

பான் கான் விஷயம் சுவையானது. அது ஃபான் ராங் பக்கத்துச் சாப்பாடு. சம்பா அரசின் வழிவந்த சாம் மக்களின் நிலம் அது. மூடியோடு கூடிய சின்ன மண்குழிகளில் அரிசிமாவை ஊற்றி, முட்டையோ கணவாயோ வைத்து, எண்ணெய் அதிகமில்லாமல் சுட்டெடுப்பார்கள். அங்கே பாவ் ட்ரூக் கிராமத்துப் பெண்கள் சக்கரம் இல்லாமல், தாங்களே சுற்றிச் சுற்றி நடந்து பானை வனைகிறார்கள். அந்த சாம் மண்பாண்டக் கலையை 2022-இல் யுனெஸ்கோ உடனடியாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. சம்பாவில் சிவன் கோயில்கள் உண்டு, சமஸ்கிருதக் கல்வெட்டுகள் உண்டு. இந்தியத் தொடர்பு கல்லில் நிற்கிறது. அதை அடுப்படி வரை இழுக்கத் தனிச் சான்று வேண்டும். சாம் பெண்கள் வனைந்த குழியில் வெந்ததற்கு சாம் மக்களைப் பாராட்டுவோம்.

கே: அப்போது தமிழர்களுக்கும் வியட்நாம் சமையலுக்கும் தொடர்பே இல்லையா?
— வாசகி, காரைக்கால்

ப: இருக்கிறது, உங்கள் ஊருக்குத்தான் அதில் பெரிய பங்கு. புதுச்சேரி, காரைக்கால், சைகோன் மூன்றும் ஒரே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தவை. கணக்கெழுதவும் வரி வசூலிக்கவும் காவல் வேலைக்கும் இங்கிருந்து ஆட்கள் போனார்கள். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் துணி வியாபாரம் செய்தார்கள். சைகோன் ட்ருவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. வியட்நாமியரும் சீனரும் ஊதுபத்தி ஏந்தி வந்து கும்பிடுகிறார்கள். டோங் ஜூ தெருவில் 1935-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது.

தெற்கு வியட்நாம் வீடுகளில் விசேஷத்துக்குச் செய்யும் ‘கா ரி கா’, அதாவது கோழிக்கறிக் குழம்பு, இந்த உறவின் ருசி. மசாலாப் பொடி நம் பக்கத்தது. எலுமிச்சைப் புல்லும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அவர்கள் சேர்த்தது. தொட்டுக்கொள்ளும் ரொட்டி பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தது. எதிர்த்திசையிலும் பண்டம் போனது. சைகோனில் வேலை பார்த்து, அங்கே பெண் எடுத்துத் திரும்பிய குடும்பங்கள் புதுச்சேரியில் உண்டு. அந்த வீடுகளில் அரிசித்தாளில் சுருட்டிப் பொரித்த நெம் இன்றும் செய்கிறார்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு பாட்டி இருந்தால், செய்முறையை இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: பான் மீ சாண்ட்விச் பிரெஞ்சுக்காரர்களுடையதா, வியட்நாமியருடையதா?
— வாசகர், சேலம்

ப: ரொட்டி அவர்களுடையது, சாண்ட்விச் இவர்களுடையது. பிரெஞ்சு முறையில் ரொட்டி தனி, கறித்துண்டு தனி, தட்டு, கத்தி, நேரம் எல்லாம் வேண்டும். 1958-இல் சைகோனில் ஒரு தம்பதி ஹுவா மா என்ற கடையைத் திறந்து, ரொட்டியைக் குட்டையாக்கி, கறியை உள்ளே அடைத்துக் கையில் கொடுத்தார்கள். நின்று சாப்பிட நேரமில்லாதவன் நடந்துகொண்டே சாப்பிட்டான். அந்தத் தம்பதியும் 1954-இல் வடக்கிலிருந்து வந்தவர்களே. காவ் தாங் தெருவில் கடை இன்றும் நடக்கிறது.

கே: வியட்நாம் புளிக்குழம்பு உண்டா?
— வாசகி, திருநெல்வேலி

ப: டெல்டாவின் கான் சுவாவைச் சாப்பிட்டுப் பாருங்கள். புளி கரைத்த தண்ணீரில் விரால், அன்னாசி, தக்காளி, வெண்டைக்காய், சேம்புத் தண்டு. வெள்ளம் ஏறும் மாதங்களில் அகத்தி இனத்து மஞ்சள் பூவையும் பறித்துப் போடுவார்கள். வடக்கே புளிப்புக்குப் புளியை அதிகம் தேடுவதில்லை: சாவ் என்ற மரத்தின் காய், இல்லாவிட்டால் புளிக்கவைத்த சோற்றுக் கூழ். ஹனோய்ச் சாலைகள் பலவற்றுக்கு நிழல் தருவதும் அந்த சாவ் மரங்கள்தான்.

கே: மீன்சாறு நாற்றம் தாங்க முடியவில்லை. அது இல்லாமல் சமைக்க முடியாதா?
— வாசகர், ஓசூர்

ப: முடியும், ஆனால் அது வியட்நாம் சமையல் ஆகாது. மூன்று பங்கு நெத்திலி, ஒரு பங்கு உப்பு, பெரிய மரத்தொட்டி, ஒரு வருஷப் பொறுமை. வேறு எதுவும் கிடையாது. ஃபு குவோக் தீவும் ஃபான் தியெத் கடற்கரையும் பேர்போனவை. 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஃபு குவோக் மீன்சாறுக்கு ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு தந்தது. நீங்கள் முகர்ந்தது எந்தப் புட்டி என்று தெரியாது. அடுத்த முறை லேபிளைப் படியுங்கள்: மீனும் உப்பும் மட்டும் எழுதியிருந்தால் வாங்குங்கள். அதோடு எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, மிளகாய், தண்ணீர் கலந்தபின் மூக்கு சமாதானமாகிவிடும்.

கே: ஒபாமா சாப்பிட்டது எது?
— வாசகர், வேலூர்

ப: பூன் சா. 2016 மே மாதம், ஹனோய், ஹுவோங் லியென் கடை. கூட இருந்தவர் அமெரிக்கச் சமையல் கலைஞர் அந்தோணி போர்டெய்ன். கரியில் சுட்ட பன்றிக் கறி, இனிப்பும் புளிப்புமான மீன்சாறு, வெள்ளை நூடுல்ஸ், பச்சிலை. பில் ஆறு டாலர். அந்த மேசையைக் கடைக்காரர் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துவிட்டார். மதியத்தில் மட்டுமே இதைச் சாப்பிடுவது ஹனோய் வழக்கம். இரவில் கேட்பவர் வெளியூர்க்காரர்.

கே: காபியில் முட்டை போடுவது யார் யோசனை?
— வாசகி, கும்பகோணம்

ப: நுயென் வான் ஜாங். ஹனோய் மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை பார்த்தவர். 1946-இல் பால் கிடைக்காத நேரத்தில், மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காபி மேல் ஊற்றினார். அவர் பெயரில் கஃபே ஜாங் இன்றும் நடக்கிறது. முட்டை வாசனையே வராது, நம்பிக் குடிக்கலாம்.

கே: அவர்கள் புத்தாண்டுக்கு என்ன பலகாரம்?
— வாசகர், பொள்ளாச்சி

ப: தெத் பண்டிகைக்கு வடக்கே பான் சுங்: பசையரிசி, பாசிப்பருப்பு, பன்றிக் கறி, இலையில் சதுரமாகக் கட்டி, விடிய விடிய வேகவைப்பது. ஹுங் அரசரின் ஏழை மகன் லாங் லியேவ், விலையுயர்ந்த பண்டம் வாங்க வழியில்லாமல் அரிசியில் இதைச் செய்து அரியணை பெற்றான் என்பது கதை. தெற்கே அதே சரக்கை வாழையிலையில் உருளையாகக் கட்டுவார்கள்; பெயர் பான் தெத்.

கே: சைகோனில் நொய்யரிசிச் சோற்றைக் காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்களாமே?
— வாசகர், செங்கல்பட்டு

ப: காலையிலேயே வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள். கொம் தம் அதன் பெயர். ஆலையில் உடைந்து விலை போகாத நொய், டெல்டாவின் ஏழைகள் வீட்டுச் சோறாக இருந்தது. சுட்ட பன்றி விலாக்கறியும் முட்டை ஆவியப்பமும் சேர்ந்ததும் நகரமே உட்கார்ந்துவிட்டது. குழம்பை உறிஞ்சுவதில் முழு அரிசி இதற்கு எட்டாது.

கே: ஒரு வாரம்தான் விடுப்பு. ஹனோயா, சைகோனா? சாப்பாட்டுக்காக மட்டுமே போகிறேன்.
— வாசகர், விருதுநகர்

ப: இரண்டும் வேண்டாம். டா நாங்கில் இறங்குங்கள். தெற்கே முப்பது கிலோமீட்டரில் ஹொய் ஆன், வடக்கே நூறு கிலோமீட்டரில் ஹுவே. ஒன்றில் மூன்று நாள், மற்றதில் நான்கு நாள். ஹொய் ஆனில் காவ் லாவும் மீ குவாங்கும், ஹுவேயில் கொம் ஹென்னும் பூன் போவும். அந்த ஊர்களில் யாராவது ஃபோ சாப்பிடக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள், அதற்கு ஹனோய் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பூன் போ காலைச் சாப்பாடு. நல்ல கடைகளில் பானை சீக்கிரமே காலியாகிவிடும். ஏழு மணிக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள்.